குதிரைத்திறனைக் கூட்டுமுன் விசிறியைப் பாருங்கள்

1837 பிப்ரவரியில் லண்டனின் பாடிங்டன் கால்வாயில் ஒரு சிறிய நீராவிப் படகுக்குச் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. எடை ஆறு டன், இயந்திரம் ஆறு குதிரைத்திறன். அந்தக் காலத்து நீராவிப் படகுகள் பெரும்பாலானவற்றுக்கு இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள் இருக்கும். இந்தப் படகுக்கு அவை இல்லை. நீருக்கடியில் இரண்டு முழுச் சுற்றுப் புரி கொண்ட ஒரு மரத்திருகு சுழன்றது. அதை வடிவமைத்த பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் தொழிலால் விவசாயி. 1836 மே மாதம் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஓட்டத்தின் நடுவில் திருகு எதிலோ இடித்துப் பாதி உடைந்துபோனது. படகு தளர்ந்து நிற்க வேண்டிய நேரம். ஆனால் அது முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கியது. ஸ்மித் அதைக் கண்டு தன் வடிவத்தை ஒரே சுற்றுத் திருகாக மாற்றிக்கொண்டார். இன்று கப்பல்களிலும் படகுகளிலும் சுழலும் புரொப்பல்லர்களின் முன்னோர்களில் அந்த உடைந்த கட்டைக்கும் இடம் உண்டு.

இயந்திரமும் படகும் அப்படியே இருக்க, சுழலும் பொருளின் வடிவம் மட்டும் மாறியதில் வேகம் மாறியது என்பதுதான் அன்று கண்ட பாடம். ஏறத்தாழ 190 ஆண்டுகள் கழித்தும் வெளிப்பொருத்து மோட்டார் வாங்குகிறவர்கள் அதைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. படகு மந்தமாக ஓடினால் முதலில் வரும் யோசனை அடுத்த பெரிய மோட்டார். எட்டு போதவில்லையா, பதினைந்து. பதினைந்து போதவில்லையா, இருபத்தைந்து. மோட்டாரின் அடியில் இருக்கும் உள்ளங்கை அகல இறக்கைகள் படகுக்குப் பொருந்துகின்றனவா என்ற கேள்வி கடைசியில்தான் வரும், பல இடங்களில் வருவதே இல்லை. இதை நான் பொழுதுபோக்குப் படகுக்காரர்களுக்காகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் கரையிலும் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பைபர் படகுகள் பல வெளிப்பொருத்து மோட்டாரில்தான் கடலுக்குப் போகின்றன. இலங்கையில் அவற்றில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் அங்கே ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாக ஏறியது. அப்படிப்பட்ட விலையில் எண்ணெய் ஊற்றுகிறவருக்கு, ஊற்றியதில் எவ்வளவு படகைத் தள்ளப் போகிறது, எவ்வளவு தண்ணீரைக் கலக்கப் போகிறது என்பது நாள்தோறும் வரும் கணக்கு. அந்தக் கணக்கின் பெரும்பகுதி புரொப்பல்லரில் இருக்கிறது. கரையில் சிலர் அதை விசிறி என்பார்கள், சிலர் காற்றாடி என்பார்கள். இரண்டும் அழகான பெயர்கள், ஆனால் இரண்டும் சற்றே வழிதவற வைப்பவை. விசிறி வீசும், இது திருகிக்கொண்டு முன்னேற வேண்டிய பொருள்.

புரொப்பல்லரின் நடுக்குடத்தில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும், 9¼ × 8 என்பதைப் போல. முதல் எண் விட்டம்: இறக்கை நுனிகள் சுழலும் வட்டத்தின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச். பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைப் பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே புரியிடைத் தூரம் என்று படித்ததேதான் இது. திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் அது எவ்வளவு முன்னே நகரும் என்ற அளவு. பிட்ச் 8 என்றால், தண்ணீருக்குப் பதிலாக மரக்கட்டைக்குள் திருகுவதாக வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு எட்டு அங்குலம் முன்னேற வேண்டும். சைக்கிள் கியரோடு ஒப்பிட்டால் புரியும்: பிட்ச் கூடக் கூட ஒரு மிதிக்கு அதிக தூரம், அதே நேரத்தில் ஒவ்வொரு மிதிக்கும் அதிக பலம். விட்டம் சொல்வது வேறு செய்தி: எவ்வளவு தண்ணீரை இந்த இறக்கைகள் பிடிக்கும் என்பது. மோட்டார் சுமக்கும் பாரத்தில் இரண்டும் பங்குபெறுகின்றன. விட்டத்தில் ஓர் அங்குலம் கூட்டுவது பிட்ச்சில் இரண்டு மூன்று அங்குலம் கூட்டுவதற்குச் சமமான பாரம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு.

தண்ணீர் மரக்கட்டை அல்ல என்பதால் திருகு முழு தூரமும் முன்னேறாது. பிட்ச் சொல்லும் வேகத்துக்கும் படகு உண்மையில் ஓடும் வேகத்துக்கும் உள்ள இடைவெளியை நழுவல் என்று சொல்லலாம். ஆங்கிலப் பழக்கத்தில் ஸ்லிப். இதைக் கேட்டவுடன் பலர் நழுவலை முழுக்க வீணென்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. நழுவலே இல்லையென்றால் தள்ளுவிசையும் இல்லை. இறக்கை தண்ணீரைச் சற்றுச் சாய்வாக எதிர்கொண்டு பின்னோக்கித் தள்ளினால்தான் படகு முன்னே போகும், அந்தச் சாய்வின் மறுபெயர்தான் நழுவல். கேட்க வேண்டியது நழுவல் இருக்கிறதா என்பதல்ல, எவ்வளவு என்பது. லேசான படகு, அணியம் (முன்பகுதி) எழும்பி நீரின் மேல் வழுக்கி ஓடும்போது, 10 முதல் 20 சதவீதம் சாதாரணம். பாரம் ஏறிய படகு நீரைப் பிளந்துகொண்டு ஊர்ந்தால் கதை வேறு.

அந்த வேறு கதையைத்தான் நம் கரைப் படகுகள் பல தினமும் வாழ்கின்றன, அதனால் இங்கே எண்களோடு நிற்க வேண்டியிருக்கிறது. நீர்க்கோட்டில் 25 அடி நீளமுள்ள படகை எடுத்துக்கொள்வோம். நீரைப் பிளந்து ஓடும் படகு தானே எழுப்பும் அலையின் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். அந்த எல்லை வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைக்கும் நாட். 25 அடிக்கு 6.7 நாட், மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட வேண்டுமானால் படகு தன் அலையின் மேலேயே ஏறியாக வேண்டும். காலிப் படகு ஏறிவிடும். பைபர் வள்ளங்கள் மெலிந்து நீண்டவை, போதுமான மோட்டார் இருந்தால் எளிதில் வழுக்கத் தொடங்கும். வலையும் ஐஸும் மீனும் ஏறிய பிறகு அதே படகு ஏறாது. இப்போது இந்தப் படகில் சாதாரண 9.9 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. கீழ்ப்பெட்டிக் கியர் விகிதம் 2.08, அதாவது மோட்டார் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று. அதில் 10 அங்குலப் பிட்ச். மோட்டார் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடினால் புரொப்பல்லர் 2400 சுற்றுச் சுற்றும். திருகுக் கணக்கில் மணிக்கு 36 கிலோமீட்டருக்கு மேல். படகு ஓடுவதோ 12. நழுவல் 67 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு சுழற்சி தண்ணீரைப் பின்னால் பீய்ச்சுவதற்குப் போகிறது. நடைமுறையில் இந்த மோட்டார் 5000 சுற்றையே எட்டாது. பாரம் தாங்காமல் கீழே முனகிக்கொண்டிருக்கும். பிட்ச்சை 7 அங்குலமாகக் குறைத்தால் நழுவல் 53 சதவீதமாக இறங்கும், மோட்டாரும் மூச்சு விடும். இன்னும் ஒரு படி போகலாம். அதே 9.9 குதிரைத்திறனில், கியர் விகிதம் 2.92 ஆகவும் புரொப்பல்லர் விட்டம் 11 அங்குலத்துக்கு மேலாகவும் உள்ள உயர்-தள்ளுவிசை வகை மோட்டார்கள் விற்கின்றன. அதில் 7 அங்குலப் பிட்ச் போட்டால் அதே வேகத்தில் நழுவல் 34 சதவீதம். எண்ணெய்த் தொட்டி ஒன்றுதான், குதிரைத்திறனும் ஒன்றுதான். மாறியது தண்ணீரோடு அந்தத் திறன் கைகுலுக்கும் விதம்.

பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுழல்வது ஏன் நல்லது என்பதற்குப் பள்ளிப் பாடத்தில் உள்ள இயக்கவியலே போதும். படகைத் தள்ளும் விசை, பின்னே அனுப்பும் நீரின் நிறையையும் அதற்குக் கொடுத்த கூடுதல் வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. அந்த நீரோடு வீணாகப் போகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் விசை மாறாது, வீண் மட்டும் பாதியாகும். சிறிய இறக்கையை அசுர வேகத்தில் சுழற்றுவது, ஒரு குடம் நீரைப் பீய்ச்சியடித்து விசை பெறுவது. பெரிய இறக்கையை நிதானமாகச் சுழற்றுவது, ஒரு தொட்டி நீரை மெல்லத் தள்ளி அதே விசையைப் பெறுவது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையை இருப்பிடமாகக் கொண்டு நம் கரைப் படகுகளை ஆராய்ந்த காலத்தில், படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிராண்ட்சன் சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986 இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். அவரே 2012 இல் அதே அமைப்புக்காக ஒரு கையேடும் எழுதினார். இடையில் இருபத்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கணக்கின் தேவை இன்றும் தீரவில்லை. சரி, பெரிது நல்லதென்றால் எல்லையில்லாமல் பெரிதாக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். புரொப்பல்லருக்கு மேலே தகடு ஒன்று இருக்கிறது, அதற்கும் நுனிக்கும் இடைவெளி வேண்டும். ஆழம் குறைந்த கரையில் நுனி மண்ணில் இடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேகமாகச் சுழலும் மோட்டாரில் பெரிய இறக்கையை மாட்டினால் கியர் விகிதம் துணை நிற்காது, மோட்டார் திணறும். ஆகவே மோட்டார் வாங்கும்போதே குதிரைத்திறனுக்கு அடுத்து கியர் விகிதத்தைக் கேட்க வேண்டும். கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டு வியக்கலாம். கையேட்டில் அது அச்சிட்டிருக்கும்.

முதல் மறுப்பு இங்கேயே வரும். மோட்டாரோடு கம்பெனியே ஒரு புரொப்பல்லரை மாட்டித் தருகிறது. மோட்டார் செய்தவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும்? அவர்களுக்கு மோட்டார் தெரியும், உங்கள் படகு தெரியாது. அதே 9.9 மோட்டார் ஐரோப்பாவில் ஏரியில் இருவர் உட்காரும் காற்றடைத்த ரப்பர் படகிலும் போகும், மன்னாரில் நான்கு பேரும் வலையும் ஏற்றிய பைபர் படகிலும் போகும். முதல் படகு மணிக்கு 30 கிலோமீட்டரில் வழுக்கும், இரண்டாவது 12 இல் ஊரும். இரண்டுக்கும் ஒரே திருகு பொருந்தும் என்று எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார். கம்பெனியும் சொல்வதில்லை. ஒரே மோட்டார் அளவுக்குப் பல பிட்ச்களில் புரொப்பல்லர்கள் பட்டியலில் இருப்பதன் பொருளே, தேர்வு வாங்குகிறவரின் வேலை என்பதுதான். பெட்டியில் வருவது நடுத்தர ஊகம். தையல்காரர் அளவெடுக்காமல் தைத்த சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது எப்படி? அதற்கு ஒரே ஓர் எண் போதும்: முழு பாரத்தில், த்ராட்டிலை முழுக்கத் திறந்தால், மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் நிற்கிறது என்பது. ஒவ்வொரு மோட்டாருக்கும் கம்பெனி ஒரு வரம்பு கொடுத்திருக்கிறது. சிறிய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றுக்கு அது 4500 முதல் 5500; ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் பலவற்றுக்கு 5000 முதல் 6000. சுற்று வரம்புக்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் டாப் கியரில் ஏறப் பார்க்கும் லாரியின் நிலைதான் அது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடும், எரியாத எண்ணெய் கரியாகப் படியும், பிஸ்டன் தேயும். ஓட்டுகிறவருக்கு இது உடனே தெரியாது. மோட்டார் அமைதியாக ஓடுவதுபோலவே தோன்றும். சுற்று வரம்புக்கு மேலே போனால் பிட்ச் குறைவு. மோட்டார் அலறும், பழைய மோட்டார்களில் சுற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் இருக்காது. ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்றுக் கூடும் என்ற கட்டைவிரல் விதி பல கையேடுகளில் உண்டு. அது பெரிய மோட்டார்களுக்கான விதி என்பதைச் சொல்லியாக வேண்டும். 20 அங்குலப் பிட்ச்சில் ஓர் அங்குலம் 5 சதவீதம். 8 அங்குலப் பிட்ச்சில் அது 12 சதவீதத்துக்கு மேல். சிறிய மோட்டாரில் ஓர் அங்குலம் மாற்றிவிட்டு மறுபடி அளந்து பார்ப்பதே முறை, கணக்குப் போட்டு மூன்று அங்குலம் தாண்டுவது அல்ல.

சிறிய மோட்டாரில் சுற்று காட்டும் மீட்டரே கிடையாதே என்பது நியாயமான முறையீடு. ஸ்பார்க் பிளக் வயரில் கம்பியைச் சுற்றி ஒட்டவைக்கும் மலிவான டாக்கோமீட்டர்கள் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகளும் பயன்படுத்துவதுதான். வேகத்துக்குக் கைபேசியின் ஜி.பி.எஸ். போதும். நீரோட்டத்தோடு ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை ஓட்டி இரண்டின் சராசரியை எடுத்தால் நீரோட்டம் கழிந்துவிடும். காது போதும், சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பவர்களும் உண்டு, அவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முப்பது வருடம் ஒரே மோட்டாரின் மேல் உட்கார்ந்த காது, பிளக் ஒன்று விட்டுவிட்டுப் பொறி போடுவதை மீட்டருக்கு முன்னே பிடித்துவிடும். ஆனால் காது பிடிப்பது மாற்றத்தை. மெல்ல மெல்ல வருவதை அது பழக்கமாக்கிக்கொள்ளும். படகின் அடியில் பாசி வளர்கிறது, படகுக்குள் அடைத்த நுரை நீர் உறிஞ்சி எடை கூடுகிறது, இறக்கை விளிம்பு கல்லில் பட்டு மழுங்குகிறது; ஆண்டுக்கு நூறு சுற்றுக் குறைந்தால் எந்தக் காதும் சொல்லாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. குறைந்த சுற்றில் ஓடினால் எண்ணெய் குறையும், அப்படியானால் பெரிய பிட்ச் போட்டு மோட்டாரை மெதுவாகச் சுழலவிடுவதே சிக்கனம் அல்லவா? பாதி உண்மை இதில் இருக்கிறது, அதனால்தான் இது ஆபத்தானது. புரொப்பல்லர் விழுங்கும் திறன் சுழற்சி வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. சுற்றைப் பத்து சதவீதம் குறைத்தால் தேவைப்படும் திறன் கிட்டத்தட்ட 27 சதவீதம் குறையும். சிக்கனம் வேண்டுமென்றால் த்ராட்டிலை இறக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. ஆனால் த்ராட்டிலை இறக்கிச் சுற்றைக் குறைப்பதும், த்ராட்டிலை முழுக்கத் திறந்தும் சுற்று ஏறாமல் போவதும் ஒன்றல்ல. முதலில் மோட்டாருக்கு வேலை குறைகிறது. இரண்டாவதில் கார்புரேட்டர் முழு எண்ணெயையும் ஊற்றுகிறது, மோட்டார் அதை முழுமையாக எரிக்க முடியாமல் திணறுகிறது. பெரும்பாலும் அரை த்ராட்டிலில், லேசான பாரத்தோடு ஓடும் படகுக்கு ஓர் அங்குலம் கூடுதல் பிட்ச் பலன் தரலாம். வலை ஏற்றிக்கொண்டு அலையை எதிர்த்துத் திரும்பும் படகுக்கு அந்த அறிவுரை செல்லாது.

பாரம் மாறிக்கொண்டே இருக்கிறதே, எந்தப் பாரத்துக்கு விசிறி மாட்டுவது என்று கேட்கலாம். போகும்போது படகு காலி, திரும்பும்போது நனைந்த வலையும் மீனும். கனமான பாரத்துக்கே மாட்டுங்கள் என்பேன், காரணம் எளிது. குறைந்த பிட்ச்சோடு காலிப் படகு ஓடும்போது சுற்று எல்லை தாண்டினால் கையைச் சற்றுத் தளர்த்தினால் போதும். தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. அதிக பிட்ச்சோடு கனத்த படகு திணறும்போது, த்ராட்டில் முழுக்கத் திறந்தே இருக்கிறது, இனி கைக்குச் செய்ய எதுவும் இல்லை. வேகப் போட்டியில் இருப்பவர்கள் நேர்மாறாகச் சொல்வார்கள். அவர்களின் படகில் மீன் இல்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்னும் பெரிய மோட்டார் போட்டால் தீராதா என்பவர்களுக்கு 1894 இல் நடந்தது ஒரு பதில். சார்ல்ஸ் பார்சன்ஸ் தன் நீராவி டர்பைனை ‘டர்பினியா’ என்ற ஒல்லியான படகில் பொருத்தினார். டர்பைனிடம் வேண்டிய திறன் இருந்தது; படகு 20 நாட்டைக்கூடத் தாண்டவில்லை. சிறிய புரொப்பல்லர் மிக வேகமாகச் சுழன்றதில், இறக்கைகளின் பின்புறத்தில் அழுத்தம் விழுந்து தண்ணீர் அங்கேயே ஆவிக்குமிழிகளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குத்தான் கேவிட்டேஷன் என்று பெயர். குமிழிகளுக்குள் சுழலும் இறக்கைக்குப் பிடிமானம் கிடையாது, குமிழி உடையும்போது உலோகமும் அரிபடும். பார்சன்ஸ் கண்ணாடிச் சன்னல் வைத்த தொட்டியில் வெளிச்சம் பாய்ச்சிக் குமிழிகளை நேரில் பார்த்தார். பிறகு திறனை மூன்று தண்டுகளுக்குப் பிரித்து, தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பல்லர்கள் மாட்டினார். 1897 இல் விக்டோரியா அரசியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் அழைப்பில்லாமல் நுழைந்த அந்தப் படகு 34 நாட்டில் பறந்தது. துரத்தி வந்த கடற்படைப் படகுகளால் பிடிக்க முடியவில்லை. திறன் எவ்வளவு இருந்தாலும் அதைத் தண்ணீருக்குள் கடத்தும் பரப்பு போதாவிட்டால் எஞ்சுவது நுரைதான். நம் சிறு மோட்டார்களில் இதைவிட அதிகம் காண்பது வேறொன்று, இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்: மேற்பரப்பிலிருந்து காற்றை உள்ளே இழுத்துக்கொள்வது. மோட்டார் பின்பலகையில் மிக உயரத்தில் தொங்கினால், அல்லது அலையில் அமரம் (பின்பகுதி) எழும்பினால், சுற்று திடீரென்று பாய்ந்து ஏறும், படகு தள்ளாது. இதைப் பார்த்துப் பிட்ச் குறைவு என்று முடிவு செய்துவிடக் கூடாது. தண்டின் நீளம் 15 அங்குலமா 20 அங்குலமா, பின்பலகை அதற்கு ஒத்த உயரமா, புரொப்பல்லருக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ சற்றுக் கீழோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இறக்கை மூன்றா நான்கா, அலுமினியமா ஸ்டீலா என்பவை கடையில் அதிகம் பேசப்படும், பிட்ச் அளவுக்கு முக்கியமல்ல. நான்கு இறக்கை மெதுவேகத்தில் நன்றாகப் பிடிக்கும், அதிர்வு குறைவு, உச்ச வேகம் சற்று இறங்கும்; மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்வது வழக்கம். ஸ்டீல் விறைப்பானது, மெல்லியது, வேகப் படகுக்கு உதவும். பவளப்பாறை நிறைந்த மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி ஓடுகிறவருக்கு அலுமினியமே புத்திசாலித்தனம். பாறையில் பட்டால் மலிவான இறக்கை வளையும், விலை உயர்ந்த கியர் தப்பிக்கும்.

கடைசியாக, புதிய புரொப்பல்லருக்குக் காசு எடுக்கும் முன் பழையது உண்மையிலேயே சுழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நடுத்தர மோட்டார்களில் குடத்துக்கும் தண்டுக்கும் நடுவே ரப்பர் புஷ் இருக்கும். இடித்தால் கியரைக் காக்க அது வழுக்கும். நாளடைவில் இறுக்கம் விட்டுச் சாதாரண ஓட்டத்திலும் வழுக்கத் தொடங்கும். மோட்டார் அலறும், படகு நகராது, பழி பிட்ச்சின் மேல் விழும். உள்வளையத்தையும் குடத்தையும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டு முழு பாரத்தில் ஓட்டிப் பாருங்கள். கரைக்கு வந்ததும் கோடு உடைந்திருந்தால் புஷ் போய்விட்டது. மிகச் சிறிய மோட்டார்களில் புஷ்ஷுக்குப் பதில் ஒரு சிறு ஷியர் பின் இருக்கும், பாறையில் பட்டால் அதுதான் முதலில் உடையும். புரொப்பல்லரைக் கழற்றும்போதே தண்டின் அடியில் தங்கூசி இழை சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; அது ஆயில் சீலை அறுத்துவிட்டால் கியர்ப்பெட்டி எண்ணெய் பால் நிறத்தில் வரும். அளந்து பொருந்திய விசிறியை மாட்டிய பிறகு பழையதைக் கழிவுக்குப் போட வேண்டாம். ஒரு ஸ்பானர், நான்கு ஷியர் பின், இரண்டு காட்டர் பின்னோடு அதை அமரத்தின் அடியில் கட்டி வைத்தால், நடுக்கடலில் இறக்கை உடைந்த அன்று, திணறிக்கொண்டாவது அது கரை சேர்க்கும்.